சனிக்கிழமை அஞ்சு மணி, கண்ணகி நகர்!

பீச் போயாச்சு, மால் சுத்தியாச்சு, ஈ.சி.ஆர்.ல பைக்கும் ஓட்டியாச்சு. சென்னையில் வீக் எண்டுக்குப் புதுசா எங்கே போகலாம்னு மண்டையைப் பிய்ச்சுக்கற மக்களே... இந்த வாரம் ஒரு பஸ் டிக்கெட் செலவில் ஓர் ஊருக்குப் போயிட்டு வரலாம், வாங்க. என்ட்ரி ஃபீஸ் கிடையாது. கைடு உண்டு. கைடுக்கு வயசு ஒன்பது!

ஓ.எம்.ஆர். ரோட்டில் மெட்ரோ தூண்களுக்கும் கண்ணாடி போட்ட ஐ.டி. கட்டடங்களுக்கும் நடுவே துரைப்பாக்கத்தில் இறங்கி உள்ளே திரும்பினால் கண்ணகி நகர். போர்டிலேயே ஊர்ப் பேர் போட்ட மாநகரப் பேருந்து பிடித்தால் நேராக உள்ளே கொண்டுபோய் இறக்கிவிடும். சென்ட்ரலில் இருந்து சுமார் 20 கிலோமீட்டர். பீக் அவர் டிராஃபிக்கில் மாட்டினால் அதுவே பக்கத்து மாவட்டம் போன ஃபீலிங் கொடுக்கும்!

நாங்கள் மூணு பேர், ஒரே காலேஜ், சனிக்கிழமைதோறும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு இங்கே ஆஜர். வேலை, டியூஷன் எடுக்கறது. சம்பளம், போகும்போது ஒரு டீ, திரும்பும்போது "அண்ணா டாட்டா" சத்தம். எங்க வகுப்புக்குள் போவதற்கு முன்னால், இந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். ஏன்னா இந்த ஊர் தெரியாமல் இந்தப் பசங்களைப் புரிஞ்சுக்க முடியாது.

ஊரே ஷிஃப்ட் ஆன கதை

கண்ணகி நகருக்கு வயசு ஒண்ணும் அதிகமில்லை. 2000-ல்தான் இங்கே குடியேற்றம் ஆரம்பமானது. சென்னையின் ஆற்றங்கரைகளில், கால்வாய் ஓரங்களில், ரோட்டோரங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்களை அங்கிருந்து எடுத்து இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரக் குடும்பங்களும் வந்து சேர்ந்தன. 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். ஆரம்பத்தில் கட்டின வீடுகள் 200 சதுர அடியைக்கூடத் தொடாதவை. உங்க ஹாஸ்டல் ரூமை அளந்து பாருங்க, கிட்டத்தட்ட அதே சைஸ் வரும். அதற்குள்தான் அம்மா, அப்பா, பாட்டி, மூணு பிள்ளைகள், ஒரு டி.வி., ஸ்கூல் பை எல்லாம். கட்டிக் கொடுத்தது குடிசை மாற்று வாரியம். 2021-ல் அதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பேர் மாறிவிட்டது. ஊர்க்காரர்களுக்கு இன்னமும் அது 'போர்டு'தான்.

வீடு கிடைச்சுது, ஆனால் வேலை பழைய இடத்திலேயே நின்றுபோனது. வீட்டு வேலைக்கு, மார்க்கெட்டுக்கு, மூட்டை தூக்க என்று விடியும் முன்னே பஸ் பிடித்துச் சிட்டிக்கு ஓட வேண்டிய வாழ்க்கை. நடுப்பள்ளிக்கூட வயசில் இங்கே வந்த பலருக்குப் பழைய ஸ்கூல் தூரமாகிப் போச்சு, படிப்பும் அங்கேயே நின்னு போச்சு. அவர்கள்தான் இன்றைக்கு எங்க வகுப்புப் பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள்.

பேரைப் பாருங்க, கண்ணகி! நியாயம் கேட்டு ராஜாவின் சபைக்கே நேராக நடந்தவள். மெரினாவில் அவள் சிலையை 2001 டிசம்பரில் எடுத்தார்கள். 2006 ஜூனில் அதே கடற்கரையில் திரும்ப நிறுத்தினார்கள். சிலைக்கு அந்த யோகம் வாய்த்தது. கண்ணகி நகருக்கு வந்த மனுஷங்களுக்கு ரிட்டர்ன் டிக்கெட் கிடையாது.

மொட்டை மாடி யுனிவர்சிட்டி

எங்க வகுப்பு ஒரு பிளாக்கின் மொட்டை மாடி. மழை வந்தால் படிக்கட்டு, ஒரு படிக்கு ரெண்டு பேர். ஒண்ணாங்கிளாஸில் இருந்து ஒன்பதாங்கிளாஸ் வரைக்கும் முப்பது உருப்படி. அதில் அஞ்சு பேர் இடுப்பில் தம்பி பாப்பாவோடு வருவார்கள். பாப்பாவுக்கும் ஒரு சாக்பீஸ் கொடுத்துவிடணும், இல்லேன்னா சபை நடக்காது!

நடுவில் தண்ணி லாரி ஹார்ன் கேட்டதோ, அவ்வளவுதான். பாதி வகுப்பு குடத்தைத் தூக்கிக்கொண்டு எஸ்கேப். அது விளையாட்டு இல்லை, வீட்டு டியூட்டி. பத்து நிமிஷத்தில் நனைஞ்ச சட்டையோடு வந்து, விட்ட வரியில் இருந்தே மறுபடி படிக்க ஆரம்பிப்பார்கள். அட்டெண்டன்ஸுக்காக கிளாஸுக்குப் போகிற நமக்கெல்லாம் அது ஒரு தினுசான பாடம்.

இந்த வகுப்பின் உண்மையான ஓனர் நாங்கள் இல்லை, ஓர் அக்கா. அதே பிளாக்கில் குடியிருக்கிறார், ப்ளஸ் டூ வரை படித்தவர். வாரத்தில் அஞ்சு நாள் அவரே நடத்துகிறார். சனிக்கிழமை மட்டும் நாங்கள் சப்போர்ட் ஆக்டர்ஸ். எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வந்திருக்கு, எந்த வீட்டில் நேத்து ராத்திரி சண்டை, யாருக்குக் கண்ணாடி போடணும்... எல்லாம் அக்காவின் விரல் நுனியில். ஒரு பையன் எரிந்து விழுந்தால் அக்கா எங்க காதில் ஒரே ஒரு வார்த்தை சொல்வார்: "இன்னிக்கு அவனை வுட்டுடுங்க." அதற்கு மேல் நாங்கள் கேட்க மாட்டோம்.

ப்ளஸ் டூ முடிச்ச லோக்கல் அக்காவால் அப்படி என்ன சாதிக்க முடியும்னு கேட்கறீங்களா? இதையே கேள்வியாக வைத்து 2001-ல் இருந்து மும்பையிலும் வதோதராவிலும் ஓர் ஆராய்ச்சி நடந்தது. 'பிரதம்' அமைப்பின் பால்சகி திட்டம். அந்தந்தப் பகுதியிலேயே ஸ்கூல் முடித்த இளம்பெண்கள், வகுப்பில் பின்தங்கின பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்துத் தினமும் ரெண்டு மணி நேரம் அடிப்படை எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளைகளின் மார்க் தெளிவாகவே ஏறினது. அதை அளந்து 2007-ல் எழுதினவர்களில் ரெண்டு பேர் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ. 2019-ல் பொருளாதார நோபல் வாங்கினார்களே, அதே ஜோடிதான்!

நம்ம ஊரிலும் அதற்கு ஓர் உதாரணம் இருக்கு. கொரோனாவில் ஸ்கூல் மூடிக் கிடந்ததற்குப் பிறகு, 2021 அக்டோபர் 27-ல் மரக்காணம் பக்கத்தில் முதலியார்குப்பத்தில் தொடங்கின 'இல்லம் தேடிக் கல்வி'. தெருத் தெருவாக அக்காக்கள், இருபது பிள்ளைக்கு ஒருத்தர், சாயங்காலம் ஒன்று ஒன்றரை மணி நேரம், மாசம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. பெரிய டிகிரியைவிட, பக்கத்து வீட்டு அக்கா என்கிற உறவுதான் அதில் முதல் மூலதனம்.

கைடு ரெடி, கிளம்பலாமா?

சரி, பசங்களோட ஒட்டறது எப்படி? காலேஜில் இருந்து போகிறவர்கள் வழக்கமாகக் கேட்கிற முதல் கேள்விகள்: "உன் பேர் என்ன? எத்தனாங்கிளாஸ்? என்ன ரேங்க்?" இது போலீஸ் ஸ்டேஷன் விசாரணை மாதிரி. பதில் வரும், பையன் வர மாட்டான்.

அக்கா சொல்லிக் கொடுத்த ரூட்டே வேற. "இந்த ஊர்ல சுத்திப் பார்க்க என்ன இருக்கு, காட்டறியா?" என்று கேளுங்க. அந்த நிமிஷத்தில் அவன் வாத்தியார், நீங்க ஸ்டூடண்ட். கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டே போவான்.

கைடு முதலில் கூட்டிப் போவது சுவர்களுக்கு. 2020-ல் ஸ்டார்ட் இந்தியா ஃபவுண்டேஷனும் ஏஷியன் பெயிண்ட்ஸும் சேர்ந்து, மாநகராட்சி ஒத்துழைப்போடு, இங்கே இருக்கிற பிளாக்குகளின் பக்கச் சுவர்களில் மாடி உயரத்துக்குப் படம் வரைந்தார்கள். மூணு மாடிக்குச் சிரிக்கிற முகங்கள், பூக்கள், பட்டை பட்டையாகக் கலர்கள். பேப்பர்களில் எல்லாம் 'கலை மாவட்டம்' என்று எழுதினார்கள். கேமராவோடு கூட்டம் வந்தது. கைடுக்கு அதெல்லாம் ரெண்டாவது விஷயம். "அந்த முகம் இருக்குல்லண்ணா, அதுக்குக் கீழ மூணாவது ஜன்னல் எங்க அத்தை வூடு." இப்படித்தான் அவன் ஓவியத்தை அறிமுகம் செய்கிறான். ஆர்ட் கேலரி கைடு யாராவது இவ்வளவு சொந்தமாகப் பேசிக் கேட்டிருக்கோமா?

அடுத்த ஸ்டாப், பஜ்ஜிக் கடை. அதற்கு அடுத்தது, கடிக்கிற நாய் இருக்கிற சந்து ("ஓடாதீங்கண்ணா, ஓடுனா தொரத்தும்"). அப்புறம் ராத்திரி லைட் எரியாத தெரு. அங்கே பொண்ணுங்க தனியாகப் போறதில்லை என்பதை ஒன்பது வயசுப் பையன் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போகிறான்.

அந்தச் சுற்றுலாவை மறு வாரம் பாடமாக்கினோம். ஒவ்வொருத்தரும் தன் வீட்டில் இருந்து வகுப்புக்கு வருகிற வழியை மேப்பாக வரையணும். வடக்கு தெற்கு வந்தது. இடது வலது இங்கிலீஷில் வந்தது. எத்தனை அடி என்று நடந்து அளந்ததில் பெருக்கல் வந்தது. தண்ணித் தொட்டியைத் தாளில் பாதிக்கு வரைந்து, தன் வீட்டைப் புள்ளி மாதிரி வைத்திருந்தாள் ஒருத்தி. ஏன்னு கேட்டால், "தண்ணிக்குத்தான் ரொம்ப நேரம் நிப்போம், வீட்ல தூங்க மட்டுந்தானே போறோம்." அவள் கணக்குப்படி அந்த ஸ்கேல் நூறு சதவீதம் கரெக்ட்!

75 கழித்தல் 21

கண்ணகி நகரில் ஒரு பாடத்துக்கு மட்டும் யாரும் லீவ் போடுவதில்லை, அது கபடி. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் ஜெயித்ததே, அதன் துணை கேப்டன் கார்த்திகா இந்த ஊர்ப் பொண்ணு. மாநிலமே 'கண்ணகி நகர் கார்த்திகா' என்று சொன்னது. ஊர்ப் பேர் இனிஷியல் மாதிரி ஒட்டிக்கொண்டது.

அந்த ஃபைனல் ஸ்கோரை இங்கே நாலாங்கிளாஸ் பொடிசுகூட தூக்கத்தில் சொல்லும். இந்தியா 75, ஈரான் 21. எத்தனை பாயிண்ட் வித்தியாசம்? "54!" கழித்தல் கணக்கென்றால் வயிற்று வலி வருகிற அதே பசங்கதான் கத்தினது. சரி, ஈரான் இன்னும் 8 பாயிண்ட் எடுத்திருந்தால்? 75-இல் 29 போகணும். அஞ்சுல ஒன்பது போகாது. இங்கேதான் 'கடன் வாங்குதல்' என்கிற வில்லன் என்ட்ரி. உடனே பத்து ரூபாய்த் தாளும் ஒரு ரூபாய்க் காசுமாகத் தரையில் பரப்பினோம். ஏழு தாளில் ஒன்றை மாற்றிச் சில்லறை ஆக்கினால் பதினஞ்சு காசு. அதில் ஒன்பது போனால் ஆறு. மிச்சம் ஆறு தாளில் ரெண்டு போனால் நாலு. 46! பெட்டிக்கடைக்குப் போய் மீதிச் சில்லறை சரியாக எண்ணி வாங்குகிற பசங்களுக்கு, அதே வேலையைத்தான் நோட்டிலும் செய்யறோம் என்பது தெரிஞ்சால் போதும். மீதி தானாக வருது.

இன்னொரு விஷயம். வகுப்பு எண்ணைப் பார்த்து உட்கார வைக்காதீங்க, எது தெரியும் என்று பார்த்து உட்கார வைங்க. ஏழாங்கிளாஸ் பையனுக்கு ஒற்றெழுத்து தடுமாறும், மூணாங்கிளாஸ் பொண்ணு பேப்பர் வாசிப்பாள். பெரியவனைச் சின்னப் பசங்களோடு உட்கார வைத்தால் வெட்கப்படுவானே? அதற்கு அக்காவின் வழி: அவனைப் பொடிசுகளுக்குக் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டும் 'சார்' ஆக்கிவிட்டார். மறுநாள் வாசிக்கணுமே என்று முதல் நாள் ராத்திரியே எழுத்துக்கூட்டிப் பழகிவிட்டு வருகிறான். மானமும் போகலை, எழுத்தும் வந்தாச்சு.

சாக்பீஸ் கோடு

படிக்கட்டுச் சுவரில், கைப்பிடிக்குக் கீழே, சாக்பீஸ் கோடுகள் இருக்கின்றன. ஏதோ ரன் கணக்கு போல என்று நினைத்திருந்தோம். ஒருநாள் அஞ்சாங்கிளாஸ் வாலு ஒருத்தி வந்து சொன்னாள்: "அண்ணா, இதோட நீங்க பதினோராவது தபா." வருகிற ஒவ்வொரு அண்ணாவுக்கும் அக்காவுக்கும் ஒரு வரிசை. எங்களுடையதற்குப் பக்கத்தில் வேறு பழைய வரிசைகள். சிலதில் ஒரே கோடு. சிலதில் ரெண்டு. ஒன்றில் ஆறு, அதோட ஸ்டாப்.

"இவங்க யாரு?"

"கேக் எடுத்தாந்தாங்க, ஃபோட்டோ எடுத்தாங்க, அடுத்த வாரம் வர்றேன்னாங்க. வரலை."

கோபமே இல்லாத குரல். மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி.

இந்த ஊர்ப் பிள்ளைகள் கேட்டு வளர்ந்த கதையே அதுதானே... 'அங்கே பஸ் வரும், வேலை வரும், எல்லாம் வரும்' என்று சொல்லித்தான் தாத்தா பாட்டிகளை இங்கே அனுப்பினார்கள். அப்படிச் சொன்ன பல விஷயங்கள் வந்துசேர வருஷக்கணக்கில் ஆச்சு. அதனால் இந்தப் பிள்ளைகள் வாக்குறுதியை நம்புவதில்லை. எண்ணிப் பார்க்கிறார்கள். நீங்க எவ்வளவு ஜோக் அடிக்கறீங்க, எவ்வளவு சாக்லேட் கொடுத்தீங்க என்பதெல்லாம் அந்தச் சுவரில் பதிவாவதில்லை. திரும்பி வந்தீங்களா என்பது மட்டும்தான் பதிவாகுது.

குழந்தைகளோடு ஒட்டுவதற்கு ஸ்பெஷல் டேலண்ட் வேணும் என்கிறவர்களுக்கு இந்தச் சுவர்தான் பதில். எங்க மூணு பேரில் ஒருத்தன் அநியாயத்துக்கு அமைதி. பாட்டு வராது, மிமிக்ரி வராது. வந்தால் மூலையில் உட்கார்ந்து பென்சில் சீவிக் கொடுப்பான். ஆனால் அதிகக் கோடு அவன் பேரில். பிள்ளைகள் ரகசியம் சொல்வதும் அவனிடம்தான்.

விலாசம்

எல்லாம் சுபம் என்று முடிக்க ஆசைதான். முடியாது.

எங்க வகுப்பிலேயே கணக்கில் சூரன் ஒரு பையன். ஒன்பதாங்கிளாஸ். அப்பா கீழே விழுந்து காலை உடைச்சுக்கிட்டதில், சமையல் கான்ட்ராக்டர் ஒருத்தரோடு கல்யாண மண்டப வேலைக்குப் போக ஆரம்பித்தான். ஸ்கூல் நின்றது. அக்கா மூணு தடவை வீட்டுக்குப் போய்ப் பேசியிருக்கிறார், ஸ்கூல் டீச்சரும் வந்து போயிருக்கிறார். முகூர்த்தம் இல்லாத சனிக்கிழமைகளில் வகுப்புக்கு வருகிறான். 300 இலைக்கு எத்தனை கிலோ அரிசி, எத்தனை லிட்டர் எண்ணெய் என்று சொல்லி, சின்னவர்களுக்குப் பெருக்கல் கணக்கு வைக்கிறான். இன்னும் ஸ்கூலுக்குத் திரும்பலை. அக்கா இன்னும் விடலை. இப்போதைக்கு அவ்வளவுதான் செய்தி.

இன்னொருத்தி பத்தாங்கிளாஸ். ஃபாரம் நிரப்பும் பயிற்சி கொடுத்தபோது, விலாசம் என்கிற இடத்தில் 'துரைப்பாக்கம்' என்று மட்டும் எழுதினாள். கண்ணகி நகர்னு போட்டால் வேலை இன்டர்வியூவில் ஒரு மாதிரி பார்ப்பாங்க என்று அவளுடைய அண்ணன் சொல்லி வைத்திருக்கிறான். அவன் இஷ்டத்துக்குச் சொன்னதும் இல்லை. இந்த ஊர்ப் பேரைக் கேட்டதும் முகம் மாறுகிற ஆட்களை இங்கே பலரும் பார்த்தாயிற்று. அவளுக்கு நாங்கள் லெக்சர் எதுவும் அடிக்கவில்லை. என்ன சொல்ல முடியும்? எங்க விலாசத்துக்கு அந்தப் பிரச்னை இல்லையே.

அந்த அக்டோபர் முடிந்து ரெண்டு வாரம் கழித்து இன்னொரு ஃபாரம் கொடுத்தோம். கதவு எண், பிளாக், கண்ணகி நகர், சென்னை என்று முழுசாக இருந்தது. கையெழுத்துகூடக் கொஞ்சம் பெரிசு. அதைச் செய்தது எங்க டியூஷன் இல்லை, ஒரு கபடிக்காரி. ஆனால் அதை எழுதிப் பார்க்க ஒரு மொட்டை மாடி இருந்ததே, அதில் எங்களுக்கும் ஒரு ஓரம் உண்டு.

நீங்களும் கிளம்பறீங்களா?

கண்ணகி நகருக்கே வரணும்னு இல்லை, உங்க காலேஜுக்குப் பக்கத்துத் தெருவிலேயே ஒரு மொட்டை மாடி காத்துக்கிட்டு இருக்கும். போறதுக்கு முன்னால் சில விஷயம்...

* தனியா போய்ப் புதுக் கடை போடாதீங்க. ஏற்கெனவே வகுப்பு நடத்துகிற அக்காவையோ, ஸ்கூல் டீச்சரையோ தேடிப் பிடிச்சு, அவங்களுக்கு என்ன உதவி வேணும்னு கேளுங்க.

* ஒரே நாள், ஒரே நேரம். வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும், ஆனால் அது மாறக் கூடாது.

* செமஸ்டர் வருதா? "ரெண்டு வாரம் வர மாட்டேன், இந்தத் தேதியில் வருவேன்" என்று முன்கூட்டியே போர்டில் எழுதிடுங்க. அந்தத் தேதியில் போய் நில்லுங்க.

* செல்ஃபி, ஸ்டேட்டஸ் எல்லாம் அப்புறம். பெற்றவர்கள் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையின் படமும் உங்க போனில் இருக்க வேண்டாம்.

* எந்தப் பிள்ளையோடும் மூடின ரூமில் தனியாக உட்கார்ந்து பாடம் நடத்த வேண்டாம். அவங்களுக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும்.

* அடி, தொந்தரவு, பாலியல் சீண்டல்னு ஒரு குழந்தை சொன்னால், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சத்தியம் பண்ணாதீங்க. நம்பறேன்னு சொல்லுங்க. உடனே 1098-க்குப் போன் போடுங்க. 24 மணி நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது.

* போதும், இனிமேல் வர முடியாது என்கிற நாள் ஒருநாள் எல்லாருக்கும் வரும். அப்போது சொல்லாமல் காணாமல் போகாதீங்க. நேரில் போய், காரணம் சொல்லி, உங்க இடத்துக்கு ஒரு ஜூனியரைக் கையைப் பிடிச்சுக் கொண்டுபோய் விட்டுட்டு வாங்க.

எங்களுக்கு இது ஃபைனல் இயர். மே மாசத்தோட காலேஜ் முடியுது. ரெண்டாம் வருஷப் பசங்க நாலு பேர் போன மாசத்தில் இருந்து கூட வர்றாங்க. அவங்க பேரில் ஆளுக்கு மூணு கோடு ஏறியிருக்கு. நாலாவது வர்ற சனிக்கிழமை!